மானியம் கடல் தாண்டவில்லை

கோயில் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி உட்காரச் சொன்னோம். ஏறவில்லை. அம்மா இரண்டு கப்பில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"இப்பத்தாம்மா கடையில குடிச்சிட்டு வர்றோம்" என்றார் தலைவர்.

தலைவர் என்று நான் சொல்வது கோயில் கமிட்டித் தலைவரை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து முதன்முதலில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த பெரிய கங்காணியின் வழிவந்தவர். பூண்டுலோயா டவுனில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கிறார். கங்காணி என்ற உத்தியோகம் அவருக்கும் கிடையாது, அவருடைய தகப்பனுக்கும் கிடையாது. ஆனாலும் அவர் இருக்கும் வீட்டை இன்றைக்கும் 'கங்காணி வீடு' என்றுதான் சொல்கிறார்கள். அவரோடு வந்திருந்தவர் கமிட்டிச் செயலாளர். எங்கள் டிவிசனில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையும் அவர்தான்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, நம்ம தோட்டத்துல மொதப் பட்டதாரி நீங்கதான். அதுவும் சரித்திரம் படிச்சவங்க. இந்த வருசம் தேர் அன்னைக்கு நீங்க பேசணும். நம்ம சமஸ்தானத்தப் பத்தி. நம்ம பூர்வீகம் என்னான்னு இந்தப் பயலுகளுக்குத் தெரிய வேணாமா?"

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மா இரண்டாம் வகுப்பு. அந்த வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து மேடையில் பேசச் சொல்கிறார்கள்.

அடுத்த மூச்சிலேயே தலைவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ வெள்ளனவே வந்திரு. தேர் பூட்டும்போதே தப்புச் சத்தம் கேக்கணும். இந்த வருசம் எல்லாமே சமஸ்தான முறைப்படி. தொர வர்றாரு, பரிவட்டம் கட்டுறோம். தோள்பட்ட வலி, அது இதுன்னு சாக்குச் சொல்லப்படாது."

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

அப்பா தலைவரைவிட வயதில் மூத்தவர். பட்டம் வாங்கிய எனக்கு 'நீங்க', அந்தப் பட்டத்துக்காக மழையிலும் பனியிலும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதனுக்கு 'நீ'. அவர்கள் போனபிறகு அந்த இரண்டு கப் தேத்தண்ணியையும் நானும் அம்மாவும் குடித்தோம். அவர்களுக்கென்று அம்மா சீனி கூடப் போட்டிருந்தார்.

எங்கள் குடும்பம் தப்படிக்கிற குடும்பம். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா தோட்டத்தில் செய்கிற வேலை கவ்வாத்து வெட்டுவது, உரம் போடுவது. அதற்குத்தான் சம்பளம். தப்பு அடிப்பது அந்த வேலையில் சேராது. கோயில் திருவிழா என்றாலும், யார் வீட்டிலாவது சாவு என்றாலும், கானுக்கு அந்தப் பக்கம் ஒருவன் வந்து நின்று குரல் கொடுப்பான். அப்பா போக வேண்டும். காய்ச்சலோ மழையோ, போக வேண்டும். ஒரு காலத்தில் விடியுமுன்னே, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு ஆளை எழுப்புவதும் எங்கள் வீட்டுத் தப்புதான். வெள்ளைக்காரத் துரைக்குக் கடிகாரம் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களின் கையைக் கடிகாரமாக வைத்துக்கொண்டான். பிறகு சங்கு வந்தது, கடிகாரம் வேலை போயிற்று. சாவும் சாமியும் மட்டும் எங்கள் தலையில் நின்றுவிட்டன.

தப்பு எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியான மிலாறைப் பற்றவைத்து, அந்தச் சூட்டில் தோலைக் காட்டிக் காட்டி, விரல் நுனியால் தட்டிப் பார்த்து, 'வந்திருச்சு' என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவர் முகம் வேறு முகம். எனக்கு ஆகாதது அந்தக் குரல். கானுக்கு அந்தப் பக்கம் நின்றபடி கூப்பிடுகிற குரல்.

அதற்கு முந்தைய வருடம் அப்பா உரமூட்டையோடு சறுக்கி விழுந்திருந்தார். வலது தோள்பட்டை பிசகிவிட்டது. தோட்டத்து மருந்தகத்தில் தைலம் கொடுத்தார்கள். சட்டை மாட்டுவதற்கே அம்மா கைகொடுக்க வேண்டும். அந்தத் தோளில் வாரை மாட்டி நாள் முழுவதும் தேருக்கு முன்னால் நடக்க வேண்டும். அதைத்தான் தலைவர் 'சாக்கு' என்றார்.

சமஸ்தானம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவே கிடந்த ஒரு சின்ன ராஜ்ஜியம். எங்கள் லயங்களில் அதற்குப் பெயர் சொல்ல மாட்டார்கள். வெறுமனே 'சமஸ்தானம்' என்பார்கள், உலகத்தில் வேறு சமஸ்தானமே இல்லாததுபோல. தலைவர் கடையில் கல்லாவுக்கு மேலே, தலைப்பாகை வைத்த ஒரு ராஜாவின் படம் மாட்டியிருக்கிறது. அது எந்த ராஜா என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம ராஜாதாம்மா" என்றார். தன் முன்னோர் அரண்மனையில் வாள் பிடித்து நின்றவர் என்றும், ராஜாவே கூப்பிட்டு 'கடலுக்கு அந்தப் பக்கம் போய் நம் குடிகளை வாழவை' என்று சொல்லி, கையில் வேல் கொடுத்து அனுப்பினார் என்றும், அந்த வேல்தான் நம் கோயிலில் இருக்கிறது என்றும் அவர் வீட்டில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையின்படி அவர் குதிரையில் வந்தார். மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று கதையில் இல்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஆய்வுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நான் அந்தச் சமஸ்தானத்தைத்தான் எடுத்தேன். பெருமையோடுதான் எடுத்தேன். மலையகத்துப் பிள்ளைகள் என்றால் தேயிலையிலிருந்துதான் சரித்திரம் தொடங்கும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கும் ராஜா இருந்தார், கோட்டை இருந்தது, சொந்தக் காசு இருந்தது என்று காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் மிஞ்சியது.

எப்படிப்பட்ட ராஜா? சுற்றியிருந்த பாளையக்காரர்கள் கும்பினியை எதிர்த்துத் தூக்கில் தொங்கியபோது, கும்பினிக்கு அரிசியும் ஆளும் அனுப்பித் தன் அரியணையைக் காப்பாற்றிக்கொண்ட வம்சம். அதற்குப் பரிசாகத்தான் அந்தச் சின்ன நிலத்துண்டைச் சமஸ்தானம் என்று விட்டுவைத்தார்கள். கொடி உண்டு, பீரங்கி முழக்கம் உண்டு, யானை உண்டு. ஆனால் பக்கத்து வெள்ளைக்கார ஜில்லாவில் ஒரு கலெக்டர் உட்கார்ந்திருப்பான். அவன்தான் ராஜாவுக்கு மேல் ஏஜெண்ட். யாரைத் திவானாக வைப்பது, எதற்குச் செலவழிப்பது, இளவரசனுக்கு யார் பாடம் சொல்லுவது என்று எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்ட வேண்டும். ராஜா கையை மீறிச் செலவு செய்தால் பட்டத்தைக் குறைப்பான். பிறகு நல்ல பிள்ளையாக நடந்தால் திருப்பிக் கொடுப்பான், மாணவனுக்கு பேட்ஜ் குத்திவிடுவதுபோல. வெள்ளைக்காரன் முன்னால் கைகட்டி நின்ற அதே ராஜாவுக்கு, தன் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை. பரிவட்டம், மாலை, குடை. வெளியே இல்லாத அதிகாரத்தை எல்லாம் கோயிலுக்குள்ளே வைத்துக் காப்பாற்றினார்கள்.

அதற்குக் கீழே குடிகள். அங்கேதான் நான் என் வீட்டைப் பார்த்தேன். அந்தச் சமஸ்தானத்தில் ஊருக்கு ஊழியம் செய்தவர்களுக்கு மானியம் என்று நிலம் விட்டிருந்தார்கள். பூசை செய்பவருக்கு மானியம், கண்மாய் மடை திறப்பவருக்கு மானியம், பானை செய்பவருக்கு மானியம். தப்படிப்பவருக்கும் மானியம். கண்மாயின் வால் பக்கம், தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடத்தில், கரம்பாக இருந்திருக்கும். ஆனாலும் நிலம். 'நீ அடி, இது உன்னுடையது' என்று ஒரு பேச்சு இருந்தது.

பிறகு வெள்ளைக்காரன் யோசனைப்படி அந்த மானியங்களை எல்லாம் அளந்தார்கள். அளந்தபிறகு வரி போட்டார்கள். கோயிலின், பிராமணரின், அரண்மனையின் நிலங்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. ஊழியக்காரரின் கரம்பு நிலம்தான் கையை விட்டுப் போனது. மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கங்காணிகள் ஊருக்குள் வந்தார்கள். இலங்கையில் தேயிலைக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ராஜா கூப்பிட்டு வேல் கொடுத்து அனுப்பினாராம்! தன் ஊர்ச் சனங்கள் கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்கு நடந்துபோனதை அவர் மாடத்தில் நின்று பார்த்தாராவது, என்ன ஏது என்று கேட்டாராவது என்று ஒரு வரி கிடைக்குமா என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை. அவருடைய வேட்டை பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைத்தது.

இங்கே வந்தபிறகும் அமைப்பு மாறவில்லை. அங்கே ராஜாவுக்கு மேல் ஏஜெண்ட், இங்கே கங்காணிக்கு மேல் துரை. துரைக்கு முன்னால் கங்காணி குடையை மடக்கிக்கொண்டு நின்றார். கோயிலில் மட்டும் கங்காணிக்கு முதல் மரியாதை. அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். பூசாரி கடல் தாண்டினார், வேல் கடல் தாண்டியது, குடை தாண்டியது, பரிவட்டம் தாண்டியது. 'நீ அடிக்க வேண்டும்' என்ற கட்டளையும் தாண்டியது. அந்தக் கரம்பு நிலம் மட்டும் தாண்டவில்லை.

தேர் அன்று அம்மா எனக்குத் தன் நல்ல சேலையைக் கட்டிவிட்டார். "மைக்க வாய்க்கு ரொம்பக் கிட்ட வைக்காத. அந்தக் கணக்கப்புள்ள மாதிரி கொர்ருன்னு கேக்கும்" என்றார்.

மேடையில் நடு நாற்காலி தோட்ட மானேஜரான துரைக்கு. அவர் சிங்களவர், காலிப் பக்கம் சொந்த ஊர். எங்கள் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான். நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. அவர் தலையில் மஞ்சள் பட்டுப் பரிவட்டம் கட்டியிருந்தார்கள். அது நெற்றியில் சரிந்து சரிந்து விழ, அவர் ஒவ்வொரு முறையும் ஒரு விரலால் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்த பரிவட்டம் தலைவருக்கு. கீழே, தேர் வடத்துக்கு முன்னால், வெறுங்காலோடு அப்பா. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். வாரை இடது தோளுக்கு மாற்றியிருந்தார். இடப்பக்கம் மாட்டினால் கை சரியாக வராது. உடம்பையே ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அடித்தார். பேச்சுக்காக அவரை நிறுத்தச் சொன்னபோது அப்படியே தரையில் குந்தினார்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். சமஸ்தானத்தின் பெருமையைச் சொல்ல நம் தோட்டத்துச் செல்வி வருகிறார் என்றார். கைதட்டினார்கள். லயத்துப் பெண்கள் விசிலே அடித்தார்கள்.

எழுதி வைத்திருந்த பேச்சை நான் படிக்கவில்லை. அப்பா குந்தியிருந்த கோலத்தைப் பார்த்தபிறகு அந்தத் தாள் எதற்கும் உதவாததாகிவிட்டது.

சமஸ்தானம் எப்படிப் பிழைத்தது என்று சொன்னேன். ராஜாவுக்கு மேல் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னேன். பிறகு, இந்த வருடத் திருவிழா சமஸ்தான முறைப்படி நடப்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறதே, அந்த முறை முழுவதும் என்ன தெரியுமா என்று கேட்டேன். தப்படிப்பவருக்கு அங்கே நிலம் உண்டு, இங்கே அடிக்கச் சொல்கிறவர்கள் அந்த நிலத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். என் அப்பாவுக்குத் தோள் பிசகி ஒரு வருடம் ஆகிறது, அவரால் முடியவில்லை, முடியவில்லை என்று சொல்லும் உரிமைகூட அவருக்கு இல்லை, எந்த முறைப்படி இது என்று கேட்டேன். நம்மில் ஒருவருக்காவது தான் படுத்துறங்கும் தரை சொந்தமா? தலைவரின் கங்காணி வீடு நிற்கும் தரையாவது அவருக்குச் சொந்தமா? எல்லாரும் ஒரே கம்பெனி நிலத்தில் கூரை போட்டு இருந்துகொண்டு, யாருக்கு யார் ராஜா?

பெண்கள் பக்கத்தில் ஒரே ஒருத்தி, "அப்படிப் போடு, தங்கச்சி" என்றாள்.

துரை பரிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு செயலாளரின் பக்கம் சாய்ந்தார். "மொகத கியன்னே?" என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

செயலாளர் கொஞ்சமும் தடுமாறாமல், தோட்டத்தின் வளர்ச்சியைப் பற்றியும் துரை செய்துவரும் உதவிகளைப் பற்றியும் பேசுகிறாள் என்று சிங்களத்தில் சொன்னார்.

"ஹொந்தை, ஹொந்தை" என்று, நன்றாயிருக்கிறது என்ற பொருளில், துரை கைதட்டினார். அவர் தட்டியதால் தலைவரும் தட்ட வேண்டியதாயிற்று. தட்டிக்கொண்டே எழுந்து வந்து, "நேரமாச்சு பாப்பா, தேர் நகரணும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். கீழே பார்த்து, "அடிப்பா" என்றார். அப்பா எழுந்து அடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நாலு பேரு முன்னாடி எந்தோளப் பத்தி எதுக்குப் பேசுன? நானா வந்து அழுதேன் ஒங்கிட்ட?"

"உண்மையத்தானப்பா சொன்னேன்."

"உண்மையச் சொல்லிட்டு நீ டவுனுக்கு வேலைக்குப் போயிருவ. நான் நாளைக்கு அந்தக் கணக்கப்புள்ளகிட்டத்தான் பெரட்டுல நிக்கணும்."

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "அவ கேட்டதுல என்ன பொய் இருக்கு? வாயத் தொறந்து கேக்கத்தான படிக்க வச்சோம். பொத்திக்கிட்டு இருக்கிறதுக்கு நானே போதுமே, காசு செலவழிச்சு ஒருத்தி எதுக்கு?"

"நீ நல்லா தேய்" என்றார் அப்பா.

கணக்கப்பிள்ளை மறுநாள் பெரட்டில் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்திலேயே சரிவு அதிகமான மலைக்குக் கவ்வாத்துக்குப் போட்டார். அதற்கு அடுத்த நாளும் அதே மலை. இதைத்தான் எங்கள் ஊரில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்பார்கள்.

அது போகட்டும். என்னைச் சுட்டது அதற்குப் பிறகு வந்தது.

என் தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். தப்பைத் தொட்டதில்லை. தொட அப்பா விடவில்லை. சின்ன வயதில் ஆசையாகப் போய் எடுத்தால் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தான். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீ மேடையில என்னாத்தப் பேசித் தொலைச்ச?"

"ஏன்டா?"

"தலைவர் எனக்குக் கோல் எடுத்தாரு. ஒங்கப்பனால முடியலைன்னு ஒங்கக்காவே மைக்குல சொல்லிருச்சு, அதனால இனிமே நீதான்டா வரணுங்கிறாரு. ஆடிப் பூசைக்குள்ள வந்து பழகிக்கணுமாம். கடை மொதலாளிகிட்ட வேணும்னா அவரே பேசுறாராம், லீவுக்கு. அவருக்குத் தெரிஞ்சவராம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது? எனக்கு அடிக்கத் தெரியாதுங்கன்னேன். ரத்தத்துல இருக்குடா, தானா வரும்ங்கிறாரு."

கத்தி தீட்டும் சத்தம் நின்றுவிட்டது.

நான் கேட்டது என்ன, இவர்கள் எடுத்துக்கொண்டது என்ன! ஒரு மனிதனை விட்டுவிடுங்கள் என்று கேட்டால், அப்படியா, இவன் தேய்ந்துவிட்டானா, அடுத்தவனைக் கொண்டுவா என்கிறார்கள். உழவு மாட்டைப் பற்றிக்கூட இப்படி யோசிக்க மாட்டார்கள். ரத்தத்தில் இருக்கிறதாம். தலைவரின் ரத்தத்தில் வாள் இருக்கிறதென்றால் அவர் ஏன் ஆணியும் கேபிளும் விற்றுக்கொண்டிருக்கிறார்? அவருடைய மகன் கனடாவில் இருக்கிறான். அவனை ஆடிக்குள் வந்து குடைபிடிக்கப் பழகச் சொல்லியிருக்கிறாரா?

இதையெல்லாம் நான் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா கையைக் காட்டி என்னை அடக்கினார். அப்பா உள்ளே வந்து போனுக்குக் குனிந்தார்.

"தம்பி."

"சொல்லுங்கப்பா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"நீ வர வேணாம். தீவாளிக்கு வந்தாப் போதும்" என்றார். போய்க் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஆடி வருவதற்குள் கங்காணி வீட்டில் சாவு விழுந்தது. தலைவரின் பெரியம்மா. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். காலையில் வழக்கம்போல ஒருவன் கானுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பெரிய வீட்டில் கேதம் என்று குரல் கொடுத்தான்.

அப்பா இஸ்தோப்புக்கு வந்தார். "தெரியும்பா. வர்றேன்."

"வெரசா வரச்சொன்னாங்க. மிலாறெல்லாம் அங்கயே போட்டாச்சு. காய்ச்சிக்கலாம்."

"கேதத்துக்கு வர்றேன். அடிக்க வரல."

வந்தவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான், இது என் வேலைதான் என்பதுபோல. எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அப்பா குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். அம்மா சட்டை மாட்டிவிட்டார். தப்பு ஆணியில்தான் தொங்கியது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போனோம்.

கங்காணி வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. அப்பா வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் தலைவர் எழுந்து வந்தார்.

"எங்கப்பா கொட்டு?"

"கொண்டாரலைங்கய்யா. அம்மா மொகத்தப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வெளையாடுறியா? யாரு வீட்டுச் சாவுன்னு தெரியுதா? சமஸ்தானத்துலருந்து இந்த வீட்டுப் பொணம் கொட்டு இல்லாம எறங்குனதில்ல."

அப்பாவின் குரல் எப்போதும்போலத் தணிந்துதான் இருந்தது. "எம் மகனக் கூப்ட்டீங்கல்லங்கய்யா. அதோட முடிஞ்சிருச்சுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் இந்தப் படிப்பு பண்ற வேலை."

"இல்லைங்க" என்றார் அப்பா. "அது மேடையில கேட்டப்பயும் நான் அடிச்சேன். நீங்க அவனுக்குப் போன் போட்டதுக்குத்தான் விட்டேன்."

தலைவர் இரண்டு மூன்று பேரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பப் பார்த்தார். அங்கேயும் அன்று ஒரு சாவு. கடைசியில் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து, தன் போனை அதில் இணைத்து, தப்புச் சத்தம் ஒன்றைத் தேடிப் போட்டார். இந்தியாவில் யாரோ, எந்த ஊரிலோ அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. பாடையைத் தூக்கினார்கள். நாலு அடி எடுத்துவைத்ததும் அடி நின்று, ஒரு பெண் குழைந்த குரலில் சிங்களத்தில் பால்மா விளம்பரம் சொன்னாள். பிள்ளைகள் உயரமாக வளர்வார்களாம். செயலாளர் போனைக் குத்திக்கொண்டே இருந்தார், அவள் நிற்கவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த மகள்காரிக்கே தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல. தலைவர்தான் போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

அதன்பிறகு சத்தமில்லாமல் புறப்பட்டார்கள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. நாங்கள் லயத்துக் கோடியில் நின்றுகொண்டோம். இத்தனை வருடமும் இந்தத் தோட்டத்தில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும் அப்பா எல்லாருக்கும் முன்னால், பிணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாக நடந்திருக்கிறார். கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி விட்டுத்தான் வருவார்கள். அன்று அவர் கூட்டத்துக்கு நடுவே நடந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் கட்டிக்கொண்டார், பிறகு தொங்கவிட்டார். பக்கத்தில் வந்த கங்காணி வீட்டு உறவுக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு விலகப் பார்த்தார். தேயிலைக்கு நடுவே போகிற பாதை அது. ஒரு பக்கம் மேட்டுக் கல், இன்னொரு பக்கம் சரிவு. விலக இடமில்லை. இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டே போனார்கள், திருப்பத்தில் மறையும்வரை.

அம்மா, "வலது தோளு. இடிச்சா வலிக்குமே" என்றார்.